பழுப்பிலிருந்து நீலம் வரை: ஆர்ச்டாப் கிட்டாரின் நிற வரலாறு

கையால் செய்யும், மேற்பலகை வளைந்த ஆர்ச்டாப் ஜாஸ் கிட்டாருக்கு என்ன நிறம் என்பதை வாங்குபவரின் ரசனைக்கு விட்டுவிடுவதே இன்று வழக்கம். ஆனால் இக்கருவியின் வரலாற்றில், அது எந்தக் குடிவழியில் வந்தது என்பதை நிறமே அறிவித்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், காலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம் 1922இல் எல்-5 கிட்டாரை வெளியிட்டது. கருவி வடிவமைப்பாளர் லாயிட் லோர் அங்கே பணியாற்றிய காலம் அது. குடைந்து வளைத்த ஸ்ப்ரூஸ் மேற்பலகை, மேப்பிள் முதுகு, 'எஃப்' வடிவத் துளைகள் என எல்லாமே வயலினிடமிருந்து பெற்றவை. நிறத்துக்கு வைத்த பெயர் 'கிரெமோனா பழுப்பு'. ஸ்ட்ராடிவாரி வயலின் செய்த இத்தாலிய ஊரின் பெயரை, அப்போதுதான் பிறந்த ஒரு கிட்டாருக்குச் சூட்டியிருக்கிறார்கள். நடுவில் தேன் நிறமாகத் தொடங்கி, விளிம்பை நெருங்க நெருங்கக் கருகும் அந்தப் பூச்சு, பல தலைமுறைகள் கைபட்டுத் தேய்ந்த பழைய வயலினின் தோற்றத்தைப் புதுக் கருவிக்குத் தந்தது.

சன்பர்ஸ்ட் எனப்படும் இப்பூச்சு மரத்தின் குறைகளை மறைக்கவே வந்தது என்று வாதிடுவோர் உண்டு. விளிம்பின் அடர்நிறம் ஒட்டுக்கோட்டையும் கறையையும் மறைக்கும் என்பது மெய்தான். ஆயினும் மறைப்பதுதான் நோக்கம் என்றால் முழுக் கறுப்பே போதும். கிப்சனுக்குக் கறுப்பு புதிதுமல்ல, தொடக்கக் காலக் கிட்டார்கள் சிலவற்றுக்கு அதைப் பூசியிருக்கிறார்கள். எல்-5இன் சாயமோ ஒளி ஊடுருவுவது. அலையலையான மேப்பிளில் சாயத்தைத் தேய்த்தால், இழைகளின் முனை மேலே வரும் கீற்றுகள் அதைக் கூடுதலாக உறிஞ்சிக் கறுக்கும். அருகிலுள்ள கீற்றுகள் வெளிறியே நிற்கும். மரத்தின் அலை இதனால் இன்னும் எடுப்பாகத் தெரியும். மறைக்க நினைப்பவர் இப்படிச் சாயமிட மாட்டார்.

1930களின் இறுதியில் கிப்சன் எல்-5, சூப்பர் 400 ஆகிய உயர்தரக் கிட்டார்களைச் சாயமிடாத இயல்பு நிறத்திலும் விற்கத் தொடங்கியது. அதற்கு விலையும் கூடுதல். சாயம் குறைய விலை ஏறியதற்குக் காரணம் மரம்தான். இயல்பு நிறத்துக்குக் கறையில்லாத ஸ்ப்ரூஸும், இரு பாதியும் ஒத்துப்போகும் மேப்பிளும் வேண்டும். வயலினின் பெயரைச் சொல்லிப் பெற்ற மதிப்பை இனி மரமே ஈட்ட வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் ஜான் டி'ஆஞ்சலிகோ இரு நிறங்களிலும் கிட்டார் செய்தார். ஒன்று மற்றொன்றை விரட்டிவிடவில்லை.

நிறம் ஒலியை மாற்றும், அதனால் மரபை மீறக் கூடாது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பலகையின் அதிர்வைத் தடுப்பது மேலே பூசும் வார்னிஷ் அல்லது லாக்கரின் கனம். மரத்துக்குள் இறங்கும் மெல்லிய சாயத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. பூச்சையும் சாயத்தையும் பிரித்துப் பார்க்காததுதான் குழப்பத்துக்கு வேர் என்பது என் கருத்து.

நிற மரபைப் பெரிய அளவில் மீறிப் பார்க்க 1990களில் வாய்ப்பு வந்தது. டி'ஆஞ்சலிகோவிடம் தொழில் பயின்ற ஜிம்மி டி'அக்விஸ்டோ, ஸ்காட் சினெரி என்ற சேகரிப்பாளருக்காக நீல ஆர்ச்டாப் ஒன்றைச் செய்தார். 1995இல் அவர் மறைந்தபின், பாப் பெனடெட்டோ, ஜான் மான்டெலியோன், லிண்டா மான்சர் உள்ளிட்ட 20க்கும் மேற்பட்ட கைவினைஞர்களிடம் சினெரி கிட்டார் கேட்டார்: அகலம் 18 அங்குலம், நிறம் அதே நீலம், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். வயலின் மரபில் நீலத்துக்கு இடமே இல்லை. ஸ்ப்ரூஸின் மஞ்சளும் நாளடைவில் பழுக்கும் லாக்கரும் சேர்ந்து நீலத்தைப் பச்சைக்கு இழுக்கும் என்பதால், வேலையும் எளிதன்று. இருந்தும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அவற்றை ஒருசேரக் காட்சிக்கு வைத்தபோது, நிறத்தைக் கொண்டு எதையும் பிரித்தறிய முடியவில்லை. துளையின் வெட்டு, வளைவின் ஏற்றம், வால்பகுதியின் செதுக்கு ஆகியவற்றைப் பார்த்தே இது இன்னாருடைய கை என்று சொல்ல வேண்டியிருந்தது.