பேரனைத் தேடிய பாட்டிகள்

பாட்டி என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கதை, முறுக்கு, அம்மா அடிக்க வந்தால் ஓடி ஒளிய ஒரு முந்தானை... அர்ஜென்டினாவில் சில பாட்டிகளுக்கு இதற்கெல்லாம் கொடுத்து வைக்கவில்லை.

1976 மார்ச் 24 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எதிர்ப்பவர்களையும், எதிர்ப்பார்களோ என்று சந்தேகப்பட்டவர்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பலர் கல்லூரி மாணவர்கள், நம்ம வயசு! காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். பிடிபட்ட கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்து, பிறகு கொன்றார்கள். குழந்தை ராணுவக் குடும்பத்துக்கோ, அவர்களுக்கு வேண்டியவர்களுக்கோ போகும். பொய்ச் சான்றிதழ், புதுப் பெயர். இப்படிப் போன குழந்தைகள் சுமார் 500 என்று மதிப்பிடுகிறார்கள். (1978 உலகக் கோப்பைக் கால்பந்து இதே நாட்டில், இதே ஆட்சியில்தான் நடந்தது. கோப்பையும் அவர்களுக்கே. உலகம் கை தட்டிவிட்டுப் போனது.)

1977இல் 12 பெண்கள் சேர்ந்து 'பிளாசா டி மாயோ பாட்டிகள்' அமைப்பைத் தொடங்கினார்கள். காபிக் கடையில் பிறந்தநாள் கொண்டாடுவது போல உட்கார்ந்து, கிடைத்த துப்புகளைப் பரிமாறிக்கொள்வார்கள். கிழவிகள்தானே என்று ராணுவம் அலட்சியமாக விட்டது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். குழந்தையைக் கண்டுபிடித்தாலும் தன் பேரன் என்று எப்படி நிரூபிப்பது? ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோர் உயிரோடு இல்லையே! அமெரிக்க மரபியல் அறிஞர் மேரி-கிளேர் கிங் உதவிக்கு வந்தார். தாத்தா பாட்டியின் ரத்தத்தை வைத்தே உறவை நிறுவும் முறை உருவானது. 1984இல் அதன்படி ஒரு 8 வயதுச் சிறுமி தன் பாட்டியிடம் திரும்பினாள். அப்புறம் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சோதனையும் வந்தது. அது தாய் வழியாக மட்டுமே இறங்குவது. அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு இருப்பதே பேரனுக்கும் இருக்கும்.

அமைப்பின் தலைவர் எஸ்டெலா டி கார்லோட்டோவின் மகள் லாரா, 1978 ஜூனில் சிறையில் ஆண் குழந்தை பெற்றார். தன் அப்பா பெயரையே, 'கீதோ' என்று வைத்தார். தமிழில் பெயரன்தானே பேரன் ஆனது? தாத்தா பெயரைத் தாங்குகிறவன். இந்தப் பேரனிடமிருந்து முதலில் பறிபோனது அந்தப் பெயர்தான். இரண்டே மாதத்தில் லாராவைக் கொன்றார்கள். பாட்டி 36 வருடம் தேடினார். 2014 ஆகஸ்டில் கிடைத்தபோது அவருக்கு வயது 83. பேரன் ஒரு இசைக்கலைஞர், இக்னாசியோ என்ற பெயரில் வளர்ந்தவர். அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு, பின்னால் கார்லோட்டோ சேர்த்துக்கொண்டார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. வளர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்ப மனமில்லாமல் ரத்தம் கொடுக்க மறுத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025இல் 140ஆவது பேரப்பிள்ளை அடையாளம் காணப்பட்டார். மற்றவர்களுக்கும் இப்போது 50 வயதை ஒட்டியிருக்கும். பாட்டிகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்காகத்தான் 1987இல் சட்டம் போட்டு ஒரு மரபணு வங்கி தொடங்கினார்கள். பேங்க் என்றால் டெபாசிட், வட்டி என்று படிக்கிற காமர்ஸ் மாணவன் நான்... இந்த வங்கியில் பாட்டிகள் போட்டு வைத்திருப்பது தங்கள் ரத்தம். வாரிசு என்றைக்கு வந்து கேட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.