கண்மாய் மீன் யாருக்கு?

சிவகாசியின் வரலாற்றைச் சொல்பவர்கள் வறட்சியிலிருந்தே தொடங்குவார்கள். மழை பொய்க்கும் கரிசல், வெள்ளாமை கைகொடுக்காத ஊர், 1923-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார், அதன்பின் பட்டாசு. இதில் பொய் இல்லை. ஆனால் இது பாதி வரலாறுதான். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஓடும் இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் கண்மாய் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிக் கோடைக்குள் வற்றிவிடும் அந்தக் கண்மாய்கள் நெல்லோடு மீனையும் கொடுத்தன. அந்த மீனை யார், எப்போது பிடிப்பது, அதன் வருமானம் எங்கே போவது என்ற ஏற்பாடும் சேர்ந்துதான் கண்மாய்களைக் காப்பாற்றியது என்பது என் வாதம்.

பாதி வருடம் காய்ந்துகிடக்கும் கண்மாயில் அப்படி என்ன மீன் இருந்துவிடும் என்று கேட்கலாம். வறட்சியைத் தாக்குப்பிடிக்கும் மீன்களே இங்கே நிலைத்தன. விரால், குரவை, தேளி, நாட்டுக் கெளுத்தி எல்லாம் செவுளை மட்டும் நம்பாமல் மேலே வந்து காற்றையும் சுவாசிப்பவை. தண்ணீர் சேறாகச் சுண்டினாலும் அவை சாவதில்லை. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்தே பல நாள் கிடக்கும். இந்த இயல்பை ஒட்டியே வழக்கமும் அமைந்தது. மேலூர், சிங்கம்புணரிப் பக்கம் இன்றும் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பாருங்கள்: அறுவடை முடிந்து தண்ணீர் வற்றிய பிறகு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஊத்தா, கச்சா ஆகிய மீன்பிடிக் கருவிகள் கண்மாயில் இறங்கும். பிடித்த மீன் விலைக்குப் போகாது, வீட்டுக் குழம்புக்குத்தான். வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பாசனம் முடியும்வரை மீனில் கைவைக்கக் கூடாது என்பதற்கோ ஊர்க் கட்டுப்பாடே போதுமாக இருந்தது.

இன்று கண்மாய் மீனைக் குத்தகைக்கு விடுகிறார்கள்; அது புதிதாக வந்ததல்லவே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஏரி, குளத்து மீனுக்கான பாசிப்பாட்டம் பழைய கல்வெட்டுகளிலேயே வருகிறது. மீன்பாசிக் குத்தகை என்று இன்றும் சொல்கிறோம். அன்று மீனும் மடையும் கரையும் ஒரே ஊரின் பொறுப்பில் இருந்தன. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் கண்மாய்களும் அரசிடம் வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ளவை பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. மீன் ஒரு கணக்கில், மராமத்து வேறொரு கணக்கில் என்றானது. குத்தகைக்காரர் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்க்கிறார். அவருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், விவசாயிக்கு மடை திறக்க வேண்டும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையும், தடையை மீறி வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கின்றன.

பழைய ஏற்பாடு எல்லாருக்கும் நியாயமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஏலமும் முதல் மரியாதையும் ஆதிக்கச் சாதிகளின் கையில் இருந்தன. தலித் மக்கள் ஒதுக்கப்பட்டார்கள். அது அப்படியே திரும்பி வர வேண்டியதில்லை. மீன் வருமானம் அதே கண்மாயின் கரைக்கும் மடைக்கும் செலவாக வேண்டும் என்ற விதியை மட்டும் மீட்டால் போதும். உங்கள் ஊர்க் கண்மாயின் குத்தகைத் தொகை எவ்வளவு, அது எதற்குச் செலவானது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.