துருவ நட்சத்திரம் கடலில் மூழ்கிய பிறகு

1455-ஆம் ஆண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில், காம்பியா ஆறு கடலில் கலக்குமிடத்தில் போர்ச்சுகல் இளவரசர் ஹென்றிக்காகப் புறப்பட்டு வந்த பாய்மரக் கப்பல்கள் நின்றன. அவற்றில் வந்த வெனிஸ் வணிகர் அல்விசே கடமோஸ்தோ வடக்கே பார்த்தார். வெனிஸில் பாதி வானம் ஏறி நிற்கும் துருவ நட்சத்திரம் இங்கே அலைகளை ஒட்டிக் கிடந்தது. அதன் உயரத்தை அவர் ஈட்டிக் கணக்கில் எழுதிவைத்தார். தெற்கே திரும்பினால், கடல்மட்டத்துக்குச் சற்று மேலே பெரிதாகவும் பளிச்சென்றும் ஆறு நட்சத்திரங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம் இருப்பதுபோல் தெற்கிலும் ஒன்று இருக்கத்தானே வேண்டும், அது இதுதான் என்று முடிவுகட்டினார்.

அந்தக் காலத்து மாலுமிக்கு இது வெறும் வேடிக்கை அல்ல, பிழைப்பு. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே கப்பல் நிற்கும் இடத்தின் அட்சரேகை. லிஸ்பனில் 39 பாகை, சென்னையில் 13. தெற்கே போகப் போக அது இறங்கும். பூமத்திய ரேகையை எட்டும்போது காணாமல் போய்விடும். போதாக்குறைக்கு, 1500-ஐ ஒட்டிய காலத்தில் அந்த நட்சத்திரம் துருவத்திலிருந்து சுமார் மூன்றரை பாகை விலகியிருந்தது. கூட்டிக் கழிக்க ஒரு தனி வாய்ப்பாடே வைத்திருந்தார்கள். ரேகையைத் தாண்டிவிட்டால் அந்த வாய்ப்பாட்டுக்கும் வேலையில்லை.

1498 ஏப்ரல் 24 அன்று வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டை நோக்கிக் கிளம்பின. கூட வந்த ஒருவர் எழுதிய பயணக் குறிப்பில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு செய்தி இருக்கிறது: நெடுநாள் கண்ணில் படாத வட நட்சத்திரம் மறுபடியும் தெரிந்தது. எழுதியவரின் நிம்மதி அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

மாலிந்தி மன்னர் அனுப்பிய வழிகாட்டிக்கு இதில் புதிதாக எதுவும் இருந்திருக்காது. முடிச்சுப் போட்ட கயிறு கோத்த சிறு மரப்பலகை அரபிக் கடல் மாலுமிகளிடம் இருந்தது, கமால் என்பார்கள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு நட்சத்திரத்தையும் தொடும்படி பிடித்தால், உயரம் விரற்கணக்கில் கிடைத்துவிடும். சோழமண்டலக் கரை மாலுமிகளிடமும் இதே வகைக் கருவி இருந்ததை, 1850-ல் கேப்டன் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் சென்னையில் வெளியான இதழொன்றில் எழுதியிருக்கிறார். நாம் அகத்தியர் என்றழைக்கும் நட்சத்திரத்தை அரபு மாலுமிகள் சுஹைல் என்றார்கள். தெற்கு வானம் இவர்களுக்கு அன்றாடப் பழக்கம்.

ஐரோப்பியருக்கோ எல்லாம் முதலிலிருந்து. 1500-ல் போர்ச்சுகீசியத் தளபதி காப்ரலின் கப்பற்படையோடு பிரேசிலில் இறங்கிய அரச மருத்துவர் மெஸ்த்ரே ஜோவான், மே 1 அன்று மன்னர் மனுவேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். காலில் புண், ஏறி வந்ததோ சுமை நிறைந்த சிறிய கப்பல் என்ற புலம்பலோடு உருப்படியான ஒரு விஷயத்தையும் சொன்னார்: கப்பல் கொஞ்சம் ஆடினாலும் நாலைந்து பாகை பிசகிவிடுகிறது, கரையில் இறங்கித்தான் நட்சத்திரத்தை அளக்க முடியும். சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டத்தைக் கடிதத்திலேயே வரைந்தும் காட்டினார். அதன் நீண்ட கையை நாலரை மடங்கு நீட்டினால் வானின் தென் துருவம் வரும். அங்கே வழிகாட்டப் பிரகாசமான நட்சத்திரம் இல்லாததால், தென் சிலுவையே மாலுமிகளுக்குத் துணையானது.

ஃபிளாரன்ஸ்காரரான ஆந்திரேயா கொர்சாலி கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் 1516-ல் அச்சானது. சிலுவையோடு, துருவத்தைச் சுற்றிவரும் இரண்டு மேகங்களையும் அவர் குறிப்பிட்டார். சில ஆண்டுகளில் மெகல்லனோடு பசிபிக்கைக் கடந்த பிகாஃபெட்டாவும், பிய்த்துப் போட்ட பஞ்சு போன்ற அந்தத் திட்டுகளைப் பற்றி எழுதினார். மெகல்லன் மேகங்கள் என்று இன்று அழைக்கப்படும் அவை, நம் பால்வீதிக்கு வெளியே உள்ள இரண்டு விண்மீன் பேரடைகள்.

முறையாகப் பட்டியல் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். காரணம், மிளகு. 1595 ஏப்ரலில் நான்கு கப்பல்கள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பின. வரைபட வல்லுநர் பிளான்சியஸ், தெற்கு வானத்தை அளந்துவரும்படி தலைமை வழிகாட்டி பீட்டர் கெய்சரிடம் கருவியும் கொடுத்து அனுப்பினார். கெய்சர் பாய்மர உச்சியில் இருந்த காவல் கூண்டில் உட்கார்ந்து அளந்ததாகச் சொல்கிறார்கள். 1596-ல் ஜாவாவின் பாந்தம் பக்கம் அவர் இறந்துபோனார். கிளம்பியவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே ஊர் திரும்பினார்கள். ஆனால் அவரது குறிப்புகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பிளான்சியஸின் வான உருண்டையில் 12 புதிய மண்டலங்கள் இடம்பெற்றன: பறக்கும் மீன், மயில், பச்சோந்தி, நாரை, ஈ... பெரும்பாலும் வெப்பமண்டலப் பயணத்தில் கண்ணில் படும் உயிரினங்கள்.

அதே பயணத்தில் போன ஃபிரெடரிக் டி ஹவுட்மன், அடுத்த பயணத்தில் சுமத்ராவின் ஆச்சேயில் கைதியானார். இரண்டு ஆண்டுச் சிறைவாசத்தில் மலாய் மொழி கற்றார். 1603-ல் ஆம்ஸ்டர்டாமில் அவர் வெளியிட்ட மலாய் அகராதியின் பின்னிணைப்பு, 303 தென் நட்சத்திரங்களின் பட்டியல்! அதே ஆண்டு ஜெர்மானியரான பாயரின் வான வரைபட நூலும் அந்த 12 மண்டலங்களைச் சேர்த்துக்கொண்டது. இன்று சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்கும் 88 மண்டலங்களில் அந்தப் பன்னிரண்டும் உண்டு.

தென் சிலுவையைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்பதில் அர்த்தமில்லை. அதன் கீழேயே வாழ்ந்தவர்கள் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாசகர்களும் பார்க்கலாம். மே மாத நடுவில், நிலவில்லாத இரவு 9 மணி வாக்கில், விளக்கு வெளிச்சம் குறைந்த கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். கன்னியாகுமரியில் சுமார் 22 பாகை உயரத்திலும், சென்னையில் 17 பாகை உயரத்திலும் அது நிற்கும்.