செங்கல் சொல்லும் தீயின் வரலாறு



கோலாலம்பூரில் உள்ள 'பிரிக்பீல்ட்ஸ்' பகுதியை அறியாத மலேசியத் தமிழர் இருக்க மாட்டார். தீபாவளி நெருங்கினால் சேலைக்கும் மாலைக்கும் பலகாரத்திற்கும் நாம் கூடும் இடம் அது. ஆயினும், அந்தப் பெயருக்கும் ஒரு பெருந்தீக்கும் தொடர்பு உண்டு என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? இக்கட்டுரை அதைப் பற்றியதே.

19ஆம் நூற்றாண்டின் கோலாலம்பூர் ஓர் ஈயச் சுரங்க ஊர். வீடுகளும் கடைகளும் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. ஒரு கூரையில் பற்றும் நெருப்பு, அடுத்த கூரைக்குத் தாவ நெடுநேரம் ஆவதில்லை. 1881 ஜனவரியில் மூண்ட தீ ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்து, எஞ்சியவற்றைச் சிதைத்தது.

1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்குப் பெருமளவில் செங்கல் தேவைப்பட்டது. சீனர் தலைவரான காப்பிட்டான் யாப் ஆ லோய், செங்கல் தொழிலுக்காக விரிந்த நிலப்பகுதியைப் பெற்றார். சூளைகள் எழுந்தன. செங்கல் களங்கள் இருந்த அந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னர் இரயில்வே ஊழியர்களாக வந்த தமிழர் பலர் அங்கேயே குடியமர்ந்தனர்.

1883இல் சிலாங்கூரில் தொண்டர்களைக் கொண்ட தீயணைப்புப் படை அமைந்தது. நம் நாட்டுத் தீயணைப்பு மீட்புத் துறை தன் தொடக்கமாகக் கொள்வது இப்படையைத்தான். 1890இல் கோலாலம்பூர்ச் சுகாதார வாரியம் நிறுவப்பட்டது. இன்றைய மாநகர் மன்றத்தின் முன்னோடி அது. தெருத் தூய்மை, கால்வாய், கட்டடம் முதலியன அதன் பார்வைக்குள் வந்தன.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீயிலிருந்து மக்களைக் காக்கும் பணிக்கு இரு கைகள் உண்டு. ஒன்று, தீ மூண்டபின் நீரோடு ஓடிவரும் கை. மற்றொன்று, தீ பரவாதபடி கட்டடம் எழும்போதே விதி வகுத்துக் கண்காணிக்கும் கை. அக்காலத்தில் இவ்விரண்டும் மாநிலம், ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் பொறுப்பிலேயே இருந்தன.

1976 ஜனவரி முதல் நாள், தீயணைப்புச் சேவையை மத்திய அரசாங்கம் தன்பால் எடுத்துக்கொண்டது. ஊருக்கு ஊர் வேறுபட்ட கருவிகளும் பயிற்சியும் இனி ஒரே சீராக வேண்டும் என்பது இம்மாற்றத்தின் பயன். 1988இல் தீயணைப்புச் சேவைச் சட்டம் நிறைவேறியது. ஆயினும், கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் பொறுப்பு ஊராட்சி மன்றத்திடமே தங்கிவிட்டது. ஒரு கை கூட்டரசிடமும் மறு கை ஊராட்சியிடமும் இருக்கும் நிலை இவ்வாறு உருவானது.

இந்த மறு கை தளர்ந்தால் என்ன நேரும்? 1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் 'ஹைலண்ட் டவர்ஸ்' அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து விழுந்தது. 48 பேர் மாண்டனர். பின்புறக் குன்றுச் சரிவு நிலைகுலைந்ததே காரணம். இப்பேரிடருக்குப் பின்னரே 'ஸ்மார்ட்' எனப்படும் சிறப்பு மீட்புக் குழு நாட்டில் அமைக்கப்பட்டது. தீயணைப்புத் துறையும் 1997இல் தன் பெயரில் 'மீட்பு' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காட்டுப் பொறுப்பு உண்டு என்றது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் அக்கழகத்தை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு ஊராட்சி மன்றங்களுக்குத் தரும் பாதுகாப்பே அதற்கு அடிப்படை. சட்டம் காத்தது மன்றத்தை; குடியிருப்பவரைக் காப்பது யார் என்ற கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது.

ஆசிரியர்களாகிய நம்மை உலுக்கிய நிகழ்வு 2017 செப்டம்பர் 14ஆம் நாள் நடந்தது. கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளியின் தங்கும் விடுதியில் விடியற்காலையில் தீ மூண்டது. 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தமையால் பிள்ளைகள் வெளியேற வழியின்றி அகப்பட்டனர். தீயணைப்பு வண்டி எத்துணை விரைந்து வந்தாலும், வெளியேறும் வாசல் இல்லாத அறைக்கு அது காலம் கடந்தே வருகிறது.

1881இன் தீ நமக்குக் கற்பித்த பாடமும் இதுதான். அன்று ஊரைக் காத்தது தண்ணீர் வாளி மட்டுமன்று. செங்கல்லும் ஓடும் அவற்றைக் கட்டாயமாக்கிய விதியுமே ஆகும்.

எனவே, பள்ளியில் தீ ஒத்திகை நடக்கும்போது, அதனைப் பாடநேரத்தைத் தின்னும் சடங்காகக் கருதாதிருப்போம். வகுப்பின் பின்கதவு பூட்டப்பட்டுள்ளதா, படிக்கட்டின் அடியில் பழைய மேசைகள் குவிந்துள்ளனவா என்று பார்ப்போம். பெற்றோர்களே, திருடனுக்கு அஞ்சி வீட்டுக்கு இரும்புக் கம்பி போடுகிறோம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், அதன் சாவி இரவில் எங்கே தொங்குகிறது என்பது உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? இன்றிரவே அதனைக் காட்டிக் கொடுங்கள். 999 என்ற எண்ணையும், வீட்டு முகவரியைத் தெளிவாகச் சொல்லவும் கற்பியுங்கள்.

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் செல்லும்போது, அப்பெயரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வருமுன் காப்போம்.