பொதிகை உலர்த்திய கடற்கரை

ஈரத்துணி உலர்வதை வெயிலின் வேலையாகக் கொள்வது வழக்கமாயினும், துணியிலுள்ள நீரை வாங்கிக்கொள்வது அதைச் சூழ்ந்த காற்றே. அந்தந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு ஏற்கெனவே அதில் நிறைந்துள்ளது என்பதைக் காட்டும் சார்பு ஈரப்பதம் நூற்றை நெருங்கிவிட்டால், உச்சிவேளையிலும் கொடியில் கிடக்கும் வேட்டி ஈரம் விடாது. வீட்டுக்குள் துணி உலர்த்த இன்று பயன்படும் டிஹியூமிடிஃபையர் எனப்படும் ஈரநீக்கி, அறைக்காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்ச்சுருள்மீது செலுத்தி, அதிலுள்ள நீராவியைத் துளிகளாக்கித் தட்டில் வடியவிட்டு, பின்னர் சூடான சுருள்வழியே காற்றை வெதுவெதுப்பாக்கி வெளியே அனுப்புகிறது. காற்றைக் குளிர்வித்து ஈரம் பிரிக்கும் இம்முறையை, தாள் ஈரத்தில் விரிந்து வண்ணங்கள் இடம் விலகுவதால் தவித்த புருக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது 1902-இல். குளிர்வித்தல், நீர் பிரித்தல், மீண்டும் சூடேற்றல் என்ற இதே மூன்று படிகளையும் தூத்துக்குடிக் கரைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளது என்பதும், அக்கரையின் தொழில்களில் பல அந்த வேலையை நம்பியே எழுந்தன என்பதும் அதன் வரலாற்றில் போதிய கவனம் பெறாதவை.

தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று, மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து தன் நீரைப் பெரிதும் கேரளப் பக்கத்திலும் பொதிகை உச்சிகளிலும் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்குகையில் அழுத்தத்தால் சூடேறி வறண்ட காற்றாகிறது. கடற்கரை மக்கள் கச்சான் என்றும், உள்நாட்டார் அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று என்றும் அறிந்தது இதையே. மலை பிரித்தெடுத்த நீரோ தாமிரபரணியாகி, பழைய முத்துத் துறையான கொற்கையின் அருகே வந்து கடலில் கலக்கிறது; ஈரநீக்கியின் உவமையில் சொன்னால், ஆறு அதன் வடிநீர்.

இவ்வறண்ட காற்றுக்கு மிகப் பெரிய கடன்பட்டது உப்புத்தொழில். கடல்நீரின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவில் மூன்று, மூன்றரைப் பாகையில் தொடங்கும் நீர், பாத்தி பாத்தியாக மாறி இருபத்தைந்து பாகையை எட்டும்போதுதான் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அதற்குள் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகியிருக்க வேண்டும். நிறைவுற்ற உப்புநீர், காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஆவியாவதை நிறுத்துவதோடு, காற்றிலிருந்து நீரைத் தானே வாங்கவும் தொடங்கும் என்பதால், எவ்வளவு வெயில் அடித்தாலும் வறட்காற்று இன்றேல் உப்பளம் விளையாது. இருபத்தொன்பது, முப்பது பாகைக்குமேல் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவதற்கும் இதுவே காரணம். அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டு ஈரத்திலேயே நீரை ஈர்க்கும் இயல்புடையது. அது கலந்த உப்பு மூட்டைக்குள் கசியும். வாருபலகையால் இழுத்துக் குவிக்கப்பட்ட அம்பாரத்தை உடனே விற்பனைக்கு அனுப்பாமல் வடியவிடுவது இந்தக் கசப்பு நீர் கழிவதற்காகவே. பாத்தியில் நாள் முழுவதும் நின்றவர்களின் சேலையும் சட்டையும் நல்ல தண்ணீரில் அலசப்படாதவரை இரவெல்லாம் பிசுபிசுப்பதும் அதே மக்னீசிய உப்பின் குணத்தால்தான். அலமாரிக்குள் வைக்கப்படும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் அதன் உறவினமான கால்சியம் குளோரைடு இருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஐரோப்பிய மருந்துச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்று பெயர்பெற்ற நிலாவாரை இலை, பச்சை நிறம் போகாதபடி உலர்த்தப்பட்டு தூத்துக்குடித் துறைமுகம் வழியே ஏற்றுமதியானது. கருவாடும், முத்துச்சிப்பியை அழுகவைத்துக் கழுவியபின் துணியில் பரப்பிக் காயவைத்து, மணல்மணியளவு முத்துகளுக்காகச் சலிக்கப்பட்ட கசடும் இக்கரையின் காற்றில் உலர்ந்தவையே.

ஆனால் பருத்தி இவற்றுக்கு நேர்மாறானது. காற்று வறண்டால் நூல் அறும், ஆகவே நூற்பாலைகள் செயற்கையாக ஈரம் ஊட்டின. 1906-இல் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லே ஆலைக்குள் ஈரம் சேர்க்கும் கலையைக் குறிக்கப் பிறந்தது. இப்பகுதியில் ஹார்வி சகோதரர்கள் 1885-இல் பாபநாசத்தில் தொடங்கிய ஆலை மலைநீரின் விசையாலேயே ஓடியது. 1888-இல் தூத்துக்குடியில் அவர்கள் எழுப்பிய கோரல் மில், 1908-இல் வ.உ.சிதம்பரம்பிள்ளை முன்னின்ற வேலைநிறுத்தத்தால் வரலாற்றில் இடம்பெற்றது.

ஐப்பசியில் வாடைக்காற்றும் கொண்டல்காற்றும் திரும்பியதும் மலை பயனற்றுப் போகிறது. காற்று நேரே வங்கக்கடலிலிருந்து வருகிறது. குழந்தைத் துணிகளைக் கவிழ்த்த கூடைமீது பரப்பிச் சாம்பிராணிப் புகையூட்டிய பழைய வீடுகளுக்கும், சன்னல்களைச் சாத்தி ஈரநீக்கியை ஓடவிட்டு மின்விசிறியால் கொடியைச் சுற்றிக் காற்றை அலையவிடும் இன்றைய அடுக்ககங்களுக்கும் நடுவே இடர் ஒன்றே. சன்னலைத் திறந்துவைத்தால் கடற்காற்று முழுவதையும் உலர்த்த முயலும் பொறி ஈரநீக்கி என்பது பலருக்குக் கட்டணச்சீட்டு வந்த பிறகே புரிகிறது. உப்பளங்களுக்குச் சாத்தத்தக்க சன்னல் இல்லை: பனையோலையும் தார்ப்பாயும் போர்த்திய அம்பாரங்கள் மட்டும் நிற்க, வேலை நின்றுவிடும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டிய வெள்ளத்தில் போர்த்திய அம்பாரங்களும் கரைந்துபோயின. உற்பத்தியற்ற மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் தமிழ்நாடு அரசின் திட்டம் 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது.