ஏலக்காய் மூட்டையும் பொட்டிபுரம் மலையும் குவாண்டம் கணினியும்

தேனிப் பக்கம் நியூட்ரினோ என்ற சொல்லைக் கேட்காதவர்கள் குறைவு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு எத்தனை கூட்டங்கள், எத்தனை நோட்டீஸ்கள்! அந்த ஆய்வகத்துக்கு எதற்காக மலையைக் குடைய வேண்டும் என்ற கேள்விக்கும், இன்று உலகமே பேசும் குவாண்டம் கணினியின் பெரிய தலைவலிக்கும் ஒரு சொந்தம் உண்டு. காமர்ஸ் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது முழுக்க முழுக்கக் கணக்குச் சரிபார்க்கும் கதைதான்!

முதலில் சாதாரணக் கணினி. அதில் எல்லாமே 0 அல்லது 1. எங்கேயாவது ஒரு 0 தவறி 1 ஆகிவிட்டால்? 1950இல் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹாமிங், தவறு எந்த இடத்தில் நடந்தது என்பதையும் கண்டுபிடித்துத் திருத்தும் குறியீட்டை வெளியிட்டார். 1960இல், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்து அமெரிக்கா போன ஆர்.சி. போஸ், தன் மாணவர் ரே சவுத்ரியோடு சேர்ந்து இன்னும் வலுவான குறியீட்டைக் கொடுத்தார். டீக்கடையில் ஸ்கேன் செய்கிறோமே கியூஆர் கோடு, அதன் ஒரு பகுதியில் இன்றும் அந்தக் குறியீடுதான் இருக்கிறது.

இவற்றின் அடிப்படை எளிது. ஒரே தகவலைக் கொஞ்சம் கூடுதலாக எழுதி வை. மூன்று நகல் இருந்து ஒன்று மட்டும் மாறினால், மற்ற இரண்டும் சொல்வதே சரி.

குவாண்டம் கணினியில் இது நடக்காது. அதன் அலகான கியூபிட் 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். அதை நகல் எடுக்கவே முடியாது என்று 1982இல் நிரூபித்துவிட்டார்கள். சரி, எட்டிப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், பார்த்த உடனே அந்த நிலை கலைந்துவிடும். நகலும் கூடாது, பார்க்கவும் கூடாது. பிறகு எப்படித் தணிக்கை செய்வது? இதனால்தான் ரோல்ஃப் லாண்டவர் போன்ற பெரிய இயற்பியலாளர்களே இந்தக் கணினி வேலைக்கு ஆகாது என்று சந்தேகப்பட்டார்கள்.

1995இல் பீட்டர் ஷோர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதைப் புரிந்துகொள்ள நம்ம போடி ஏலக்காய் மூட்டையே போதும்.

ஒரே எடையில் மூன்று மூட்டை இருக்கிறது. எடை எவ்வளவு என்று யாரும் பார்க்கக் கூடாது. ஒன்றில் மட்டும் சரக்கு குறைந்திருக்கிறது. இரண்டு தட்டுத் தராசு ஒன்று இருக்கிறது. முதல் மூட்டையையும் இரண்டாவதையும் வைத்துப் பாருங்கள். பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும். முதல் தடவை மட்டும் சாய்ந்தால் தவறு முதல் மூட்டையில். இரண்டு தடவையும் சாய்ந்தால் நடு மூட்டையில். இரண்டாம் தடவை மட்டும் சாய்ந்தால் மூன்றாவதில். குறைந்த மூட்டையில் தராசு சமமாகும் வரை சரக்கைப் போட்டால் முடிந்தது. கடைசி வரை எடை எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. ஆனால் தவறு தெரிந்துவிட்டது!

ஷோர் செய்தது இதைத்தான். ஒரு கியூபிட்டின் தகவலை ஒன்பது கியூபிட்டுகளில் பரப்பி வைத்தார். மதிப்பைக் கேட்காமல் 'நீங்கள் இருவரும் ஒன்றா, வேறா' என்று மட்டும் கேட்டார். கியூபிட்டில் இரண்டு விதமான பிழை வரும் என்பதால் மூன்று போதாமல் மும்மூன்று ஒன்பது தேவைப்பட்டது.

இந்தக் கதையில் நம்மவர்களும் உண்டு. 1936இல் சென்னையில் பிறந்து விவேகானந்தா கல்லூரியில் படித்த கணித மேதை கே.ஆர். பார்த்தசாரதி, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் அரவிந்துடன் சேர்ந்து 2002இல் குவாண்டம் பிழைதிருத்தக் குறியீடுகளில் ஒரு புதிய குடும்பத்தையே கட்டினார். 2006இல் இதைப் பற்றிய அவரது விரிவுரைகள் புத்தகமாகவும் வந்தன. 2023இல் அவர் காலமானபோது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, இனி மலைக்கு வருவோம்.

மூட்டைக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மூன்றில் ஒன்றுதான் கெட்டிருக்க வேண்டும். குடோன் கூரை ஒழுகி எல்லா மூட்டையும் ஒன்றாக நனைந்துவிட்டால் தராசால் ஒன்றும் செய்ய முடியாது. குவாண்டம் சில்லுக்கு அப்படி ஒரு மழை இருக்கிறது. அதுதான் காஸ்மிக் கதிர். அதில் இருந்து பிறக்கும் மியூவான் துகள்கள், நாம் கையை நீட்டினால் உள்ளங்கை வழியாக நொடிக்குச் சுமார் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கின்றன. 2021இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் சில்லைக் கவனித்தபோது, சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை பல கியூபிட்டுகள் ஒன்றாகக் கெட்டன.

பொட்டிபுரத்தில் மலைக்குள் போக நினைத்ததும் இதே மழைக்குப் பயந்துதான் (குவாண்டம் கணினிக்காக அல்ல, நியூட்ரினோவுக்காக). சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மியூவான்கள் பெருமளவு நின்றுவிடும், நியூட்ரினோ மட்டும் சுலபமாக உள்ளே வரும். 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் நியூட்ரினோவைப் பிடித்ததும் இப்படித்தான். இத்தாலியில் 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் உள்ள கிரான் சாசோ ஆய்வகத்தில் குவாண்டம் சுற்றுகளை வைத்துப் பார்த்தார்கள். இடையூறு நன்றாகக் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள்.

ஆனால் எல்லாக் கணினியையும் மலைக்குள் வைக்க முடியுமா? கூகுள் வேறு வழியில் போனது. கதிர் பட்டாலும் பாதிப்பு பரவாதபடி சில்லின் உலோகப் படலங்களை மாற்றி அமைத்தது. 2024 டிசம்பரில் வெளிவந்த வில்லோ சில்லில், 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7 என்று கியூபிட் கட்டத்தைப் பெரிதாக்க ஒவ்வொரு படியிலும் பிழை பாதிக்கும் கீழே இறங்கியது. அப்படியும் இன்னொரு சோதனையில், மணிக்குச் சுமார் ஒருமுறை ஒரு கூட்டுப்பிழை வந்துகொண்டுதான் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பொட்டிபுரம் என்ன ஆனது? 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது அதற்கு ஒரு காரணம். 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில், திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

ஆய்வகம் வர வேண்டும் என்று நினைத்தவர்களின் ஆசையும் புரிகிறது. எங்கள் தண்ணீரும் மலையும் என்ன ஆகும் என்று கேட்டவர்களின் பயமும் புரிகிறது. ஒன்று மட்டும் தோன்றுகிறது. குவாண்டம் ஆட்கள் 'தவறே வராது' என்று சொல்லி ஜெயிக்கவில்லை. தவறு நிச்சயம் வரும், வந்தால் எந்தத் தராசு காட்டும், யார் திருத்துவார் என்று முதலிலேயே எழுதி வைத்ததால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். மலையைத் தொடும் எந்தத் திட்டக்காரர்களிடமும் ஊர்க்காரர்கள் இதே மூன்றையும் கேட்கலாம். கேட்பவர்களை அறிவியலுக்கு எதிரி என்று சொல்வது மட்டும் நியாயமில்லை.