பயிற்சி நாளும் வேலை நாளே: அமெரிக்கக் கோடை வேலைகளும் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும்

அமெரிக்காவில் கோடை விடுமுறை ஏறத்தாழ பத்து வாரம். நீச்சல்குளம், கேளிக்கைப் பூங்கா, ஐஸ்கிரீம் கடை, சிறுவர் முகாம் என்று பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அந்த வாரங்களில் வேலைக்குப் போவது அங்கே பழகிப்போன வழக்கம். கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போவதில்லை, வசதியுள்ளவர்களும் போகிறார்கள். இந்த வேலைகளில் அடிக்கடி எழும் தகராறு ஒன்று உண்டு. சேர்ந்தவுடன் இரண்டு மூன்று நாள் பயிற்சி. “பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது, வேலை தொடங்கும் நாளிலிருந்துதான் கணக்கு” என்கிறார் முதலாளி. தொகை சிறியது என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வேலையின் காலம் குறுகக் குறுக, பயிற்சி நேரத்தின் கனம் கூடுகிறது. ஆயுள் முழுதும் பார்க்கும் வேலையை மனத்தில் வைத்து உருவான சட்ட அளவுகோலைப் பத்து வார வேலைக்கு அப்படியே பொருத்துவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கு. வாரம் 20 மணி நேரம், பத்து வாரம் என்றால் 200 மணி நேரம். கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம், 2009 ஜூலை முதல், மணிக்கு 7.25 டாலர். ஆக 1,450 டாலர். இதற்கு முன் 16 மணி நேரம் சம்பளமில்லாப் பயிற்சி என்று வைத்துக்கொண்டால், 216 மணி நேரத்துக்கு அதே 1,450 டாலர்; மணிக்கு 6.71 டாலர்தான் தேறுகிறது. ஆண்டுக்கு 2,000 மணி நேரம் உழைக்கும் நிரந்தர ஊழியருக்கு அதே 16 மணி நேரம் முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு ஒரு பங்கைத் தொடாது. கோடைப் பிள்ளைக்கு அது எட்டுப் பங்கு.

சம்பளமில்லாப் பயிற்சிக்கு ஆதாரமாகக் காட்டப்படும் தீர்ப்பு மிகப் பழையது. 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழிலாளர் தரச் சட்டம், வேலை செய்யச் சொல்வதோடு நிற்காமல், வேலை செய்ய விட்டுவைப்பதையும் வேலைக்கு அமர்த்துவதாகவே வரையறுக்கிறது. இவ்வளவு அகலமான வரையறையிலிருந்து பயிற்சி பெறுபவர்களை வெளியே எடுத்தது, 1947-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய போர்ட்லண்ட் டெர்மினல் தீர்ப்பு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். ரயில் யார்டில் பிரேக்மேன் வேலைக்கு வருபவர் ஏழெட்டு நாள் அனுபவசாலிகளுடன் நின்று பார்க்க வேண்டும். பிறகு அவர்களுடைய கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவைக்கலாம். தேறினால் அவர் பெயர் பட்டியலில் ஏறும். கம்பெனி தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளும். 1943 அக்டோபருக்குப் பின், தேறியவர்களுக்கு மட்டும் பயிற்சி நாளுக்கு நான்கு டாலர் வீதம் பின்னர் கொடுத்தார்கள். பயிலுபவரால் எந்த ஊழியரின் வேலையும் போகவில்லை, அவர் நிற்பதால் வேலை சில நேரம் தாமதப்படவே செய்தது, கம்பெனிக்கு உடனடி ஆதாயம் இல்லை என்பதால் அவர் ஊழியர் அல்ல என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லப் போவதில்லை. அந்தச் சூழலுக்கு அது பொருந்தியிருக்கலாம். கவனிக்க வேண்டியது ‘உடனடி ஆதாயம்’ என்ற அளவுகோலை. ரயில்வேயில் ஏழெட்டு நாள் கற்றவர் பல ஆண்டுகள் அந்தத் திறமையை விற்றுப் பிழைக்கலாம். கற்றதன் பலன் அவருக்கு நீண்ட காலம் வரும் என்பதால், முதல் வாரத்துச் சம்பளம் போனது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. ஆகஸ்டில் முடிந்துபோகும் வேலைக்கு அந்த நீண்ட காலம் எங்கே இருக்கிறது?

அதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போன தீர்ப்பும் உண்டு. 1989-இல் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த எண்ஸ்லி வழக்கு அது. நொறுக்குத்தீனிகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடும் ஒரு வியாபாரம். புதிதாக வருபவர் ஐந்து நாள், மொத்தம் 50 முதல் 60 மணி நேரம், பழைய ஆளுடன் லாரியில் சுற்ற வேண்டும். சரக்கை ஏற்றினார், இறக்கினார், கடை அடுக்குகளில் நிரப்பினார். கடைக்காரர்களை அறிமுகம் செய்துகொண்டார், சில சமயம் பணப் பட்டுவாடாவிலும் உதவினார். சம்பளம் இல்லை. அவர் கற்றதெல்லாம் அந்த வியாபாரத்தின் நடைமுறை. முதலாளிக்கே ஆதாயம் அதிகம். ஆகவே அவர் ஊழியர்தான் என்றது நீதிமன்றம். கோடை வேலைப் பயிற்சி எதைப் போன்றது என்று கேட்டால், இந்த லாரியைப் போன்றது என்பேன்.

நீச்சல்குளத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே உயிர்காப்பாளர் வேலைக்கு இரண்டு வகைப் பயிற்சி உண்டு. ஒன்று சான்றிதழ்ப் பயிற்சி. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பயிற்சியில் 15 வயது நிரம்பியவர்கள் சேரலாம். நீந்திப் போய், முங்கி, குளத்தின் அடியிலிருந்து பத்துப் பவுண்டு எடையுள்ள பொருளை எடுத்து வர வேண்டும். சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும், எந்தக் குளத்துக்கும் கொண்டுபோகலாம். மற்றது அந்தக் குளத்துக்கே உரியது: எந்த விசிலுக்கு என்ன பொருள், எந்த நாற்காலியிலிருந்து எதுவரை பார்க்க வேண்டும், யார் எப்போது மாற வேண்டும், சாவி எங்கே, வசூலை எப்படிக் கணக்கு முடிப்பது. இது வேறெங்கும் செல்லாது.

பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட ‘மனித மூலதனம்’ நூலில் இந்தப் பிரிவைத்தான் வலியுறுத்தினார். எங்கும் செல்லுபடியாகும் பொதுத் திறமைக்கான செலவைத் தொழிலாளியே, குறைந்த கூலி மூலம், ஏற்பார். ஒரே நிறுவனத்துக்குப் பயன்படும் திறமைக்கான செலவில் நிறுவனம் பங்கேற்றாக வேண்டும். சந்தைக்குச் சார்பான இந்தக் கோட்பாட்டின்படி பார்த்தாலும், விசிலும் சாவியும் கற்றுக்கொடுக்கும் நாள்களின் செலவு முழுவதையும் பிள்ளையின் தலையில் கட்டுவதற்கு இடமில்லை. சான்றிதழ்ப் பயிற்சியின் செலவை அந்தப் பிள்ளையே ஏற்கட்டும் என்றால் அதில் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“பயிற்சி முடிந்ததும் ஓடிவிடுகிறார்களே” என்பது முதலாளிகளின் மறுமொழி. உண்மையான தொல்லைதான். ஆனால் வந்த ஊழியர் நிலைக்காமல் போவது தொழிலின் நஷ்ட ஆபத்துகளில் ஒன்று. அதைத் தாங்குவதற்குத்தான் இலாபம் முதலாளியிடம் இருக்கிறது. நிலைத்து நின்ற பிள்ளையின் சம்பளத்தைப் பிடித்து, ஓடிப்போனவரால் வந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது எந்த வகை நியாயம்?

ஏற்கெனவே ஊழியராக எடுக்கப்பட்டவரைப் பொறுத்தவரை விதிகளும் தெளிவாகவே இருக்கின்றன. தொழிலாளர் துறையின் ஒழுங்குமுறைப்படி, பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் தராமலிருக்க நான்கு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: வழக்கமான வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், வருவது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும், அவருடைய வேலைக்கு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது, அங்கே வேலை எதுவும் செய்யக் கூடாது. வராவிட்டால் வேலைக்குக் கெடுதல் என்று உணர்த்தினாலே அது விருப்பம் ஆகாது. கோடைப் பயிற்சி நான்கில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தவறாமல் தோற்றுவிடும். தவிர, குறைந்தபட்ச ஊதியம் வாரக் கணக்கில் பார்க்கப்படுகிறது. முதல் வாரம் ஒன்றும் தராமல், பருவ முடிவில் போனஸ் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

பிறகு ஏன் இது நடக்கிறது? 16 மணி நேரத்துக்கு 116 டாலர். சட்டம் அதை இரட்டிப்பாக்கித் தரச் சொல்கிறது, வழக்கறிஞர் கட்டணத்தையும் முதலாளி மீது சுமத்துகிறது. என்றாலும் 116 டாலருக்காக வழக்குப் போட்டு, அடுத்த கோடையில் அதே ஊரில் வேலை தேட யார் துணிவார்கள்? மேல்முறையீடு வரை போனவை பெரிய சங்கதிகள்: விமானப் பணிப்பெண்களின் பயிற்சி, சூதாட்ட விடுதியின் பன்னிரண்டு வாரப் பயிற்சி, ‘பிளாக் ஸ்வான்’ படத்தில் சம்பளமின்றி வேலை பார்த்தவர்களின் வழக்கு.

அதைவிடப் பெரிய ஓட்டை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத கேளிக்கை நிலையங்களுக்கும் முகாம்களுக்கும், அல்லது ஆறு மாதச் சராசரி வருமானம் மற்ற ஆறு மாதச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவற்றுக்கும், கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியமே பொருந்தாது. மாநிலச் சட்டம் காப்பாற்றினால்தான் உண்டு. இன்னொன்று, 20 வயதுக்குக் குறைந்தவருக்கு ஒரு முதலாளியிடம் முதல் 90 நாள் மணிக்கு 4.25 டாலர் போதும் என்ற 1996-ஆம் ஆண்டுத் திருத்தம். பத்து வாரம் என்பது 70 நாள். கோடை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். வேறொரு முதலாளியிடம் சேர்ந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மாநிலச் சட்டம் அதிக ஊதியம் விதித்த இடங்களில் இது செல்லாது என்பது ஓர் ஆறுதல். 1990 முதல் 1993 வரை இருந்த ‘பயிற்சி ஊதிய’ ஏற்பாட்டில், குறைந்த கூலியை இரண்டாவது 90 நாளுக்கு நீட்ட வேண்டுமானால் பயிற்சி தந்தாக வேண்டும் என்ற நிபந்தனையாவது இருந்தது. 1996-இல் அதுவும் இல்லை. வயது ஒன்றே போதும். அனுபவமில்லை என்பதற்காகக் கூலியைக் குறைத்தவர், அனுபவம் தரும் நாள்களுக்கும் கூலி இல்லை என்றால், ஒரே காரணத்துக்கு இரு முறை பிடித்தம் செய்கிறார்.

பயிலுபவர் தொழிலாளி அல்ல என்று ஒப்புக்கொண்டால்கூட, சம்பளம் பூஜ்யம் என்றாகிவிடாது. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர் தொழிலாளி அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அவருக்கு உதவித்தொகையைக் கட்டாயமாக்குகிறது. அமெரிக்கச் சட்டமே 1938-இல் கற்றுக்கொள்பவருக்கு அனுமதி பெற்றுக் குறைந்த கூலி தரும் வழியை வைத்திருந்தது.

ஆகவே புதிதாகப் பெரிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. முதலாளி வரச் சொன்ன முதல் மணியிலிருந்து கூலி என்ற ஒரு வரியை அந்தப் பருவகால விலக்கிலும் 90 நாள் விதியிலும் அமெரிக்க நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். அதுவரை, பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளட்டும். கூலி பாக்கியைக் கேட்க அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு; முதலாளி தெரிந்தே மீறியிருந்தால் மூன்று ஆண்டு.